மறு: கபோடெக்ராவிர் ஊசி மூன்று வாரம் தள்ளிப்போனால்?

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடும் கபோடெக்ராவிர் நான்கு ஊசி போட்டாயிற்று, அடுத்த தவணைக்கு மூன்று வாரம் கழித்துத்தான் ஊர் திரும்புவேன், அதுவரை மருந்து உடம்பில் இருக்குமே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும், சிக்கலே அதுதான். கடைசி ஊசிக்குப் பிறகு ஓராண்டுக்கு மேல்கூட இம்மருந்து இரத்தத்தில் தங்கி மெல்லக் குறையும். அந்த அரைகுறை அளவு எச்.ஐ.வி.யைத் தடுக்கப் போதாது. ஆனால் தொற்றிவிட்டால், மருந்துக்கு அடங்காத வைரஸ் வளர இடம் கொடுக்கும். பிறகு சிகிச்சைக்குத் தரும், இதே வகை மருந்தான டோலுடெக்ராவிரும் பலிக்காமல் போகலாம்.

தவணைக்கு 7 நாள் முன்பின் பரவாயில்லை. மூன்று வாரம் என்றால் கிளம்புமுன்பே மருத்துவரிடம் கபோடெக்ராவிர் 30 மி.கி. மாத்திரை கேளுங்கள். ஊசி போடவேண்டிய நாளில் தொடங்கி தினம் ஒன்று. கடைசி மாத்திரைக்குப் பின் 3 நாளுக்குள் ஊசி. அது கிடைக்காவிட்டால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் வேறு தினசரி மாத்திரையான டெனோஃபோவிர்-எம்ட்ரிசிடபின் பற்றிக் கேளுங்கள்.

மாத்திரையும் இல்லாமல் கடைசி ஊசியிலிருந்து 12 வாரம் தாண்டினால், 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி என்று மறுபடி முதலிலிருந்து. திரும்பியதும் ஆன்டிபாடி (உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) சோதனையோடு நிற்காதீர்கள். இம்மருந்து இருக்கும்போது அதில் தொற்று தாமதமாகத் தெரியலாம். வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்என்ஏ சோதனையும் வேண்டும்.

அடிக்கடி பயணம் என்றால் எச்.ஐ.வி.யைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி வசதி (2024 ஆய்வில் அதைப் பெற்ற 2,134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை). பாதியில் விட்டால் அதுவும் இப்படியே உடம்பில் தங்கி மெல்லக் குறையும், இதே சிக்கல் உண்டு.