ஒரே வரத்துக்கால், மூன்று அலுவலகம்: மனுவை எங்கே கொடுப்பது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்கால், மேலே ஒரு கண்மாயின் மாறுகாலில் (மிகுதி நீர் வெளியேறும் இடத்தில்) தொடங்கி, கிராம ஊராட்சி வழியாக மாநகராட்சிக்குள் வருகிறது. மழை பெய்தாலும் தண்ணீர் வருவதில்லை, வந்தால் சாக்கடைதான். அலுவலகங்களில் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார். யாரைப் பார்ப்பது?"

தனித்தனியாக யாரையும் பார்க்காதீர்கள். அவர்கள் சொல்வதில் பொய்யும் இல்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள கண்மாய் நீர்வளத்துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், ஊருக்குள் வந்துவிட்டால் மாநகராட்சி. 2024-ல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் எல்லாம் உள்ளே வந்ததால் சில எல்லைகள் போயின; ஆனால் தண்ணீர் பிறக்கும் மேட்டு நிலம் பல இடங்களில் இன்னும் வெளியேதான் இருக்கிறது. இந்த மூன்று பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கக் கூடியவர் கலெக்டர் மட்டும்தான்.

அதனால் முதலில் கால்வாயை நடந்து பாருங்கள், மாறுகாலிலிருந்து ஊருணிப் படி வரைக்கும். வருவாய்த்துறை இணையதளத்தில் அ-பதிவேடும் (சர்வே எண்வாரியான நில விவரம்) புலப்படமும் (நில அளவை வரைபடம்) எடுத்து, வரத்துக்கால் ஓடும் ஒவ்வொரு சர்வே எண்ணையும், அது யார் எல்லையில் இருக்கிறது என்பதையும் ஒரே தாளில் எழுதுங்கள். எந்தச் சிறுபாலத்தின் வாயில் பாலித்தீனும் பழைய துணியும் அடைத்திருக்கிறது, எந்த வீட்டுக் குழாய் நேராக உள்ளே இறங்குகிறது என்று போட்டோவோடு குறியுங்கள். அந்த ஒரு தாள்தான் உங்கள் மனு. கலெக்டரின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மூன்று துறையும் சேர்ந்து இடத்தை வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள், ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே உள்ள ஊராட்சியின் கிராம சபையில், உங்கள் வார்டு பகுதி சபையில், இரண்டிலும் அதே கோரிக்கை தீர்மானமாகிவிட்டால் மனுவுக்குப் பலம் கூடும்.

வேலை தொடங்கும்போது இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். சாக்கடையைத் திருப்பாமல் தூர்வாரினால், சுத்தமான வாய்க்கால் வழியாக அழுக்குதான் இன்னும் வேகமாக ஊருணிக்கு வரும். அப்புறம், கீழிருந்து மேலே வெட்ட வேண்டும். ஒரு ஊரில் மேல் ஊராட்சி முந்திக்கொண்டு சீமைக்கருவேலத்தை வெட்டி வழியைத் திறந்துவிட்டது, கீழே நகருக்குள் சிறுபாலம் அடைத்தே கிடந்தது. அந்த ஐப்பசி மழையில் தண்ணீர் தெருவுக்குள் ஏறி, முற்றம் வரை வந்ததைப் பார்த்தேன்.

கால்வாய் காய்ந்து, எல்லைக்கல் வெளியே தெரிவது சித்திரை, வைகாசியில்தான். சர்வேயரை அப்போதே வரவழையுங்கள்.