பச்சை நிறமே இல்லாத காட்டுச் செடிகளை மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே தேடுவது, எப்படிப் படமெடுப்பது?

இவற்றுக்குப் பச்சையம் கிடையாது. இவற்றில் பல, பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டிக்கொண்டு உணவை உறிஞ்சுகின்றன. அதனால் முதலில் சோறு போடும் செடியைத் தேடுங்கள். மழைக்காலத்தில் புல் மேட்டில் புற்களை விலக்கிப் பார்த்தால் ஏஜினீசியா இண்டிகா தென்படலாம்: இலையில்லாத ஒற்றைக் காம்பு, நுனியில் தலைகவிழ்ந்த இளஞ்சிவப்புக் குழல் பூ. இதே வகையைச் சேர்ந்த கிறிஸ்டிசோனியா என்ற ஒட்டுண்ணிச் செடி வேண்டுமென்றால் குறிஞ்சிப் புதர்களின் அடியைப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது பாலனோபோராதான். மரநிழலில், மட்கிய இலைகளை முட்டிக்கொண்டு செக்கச்செவேலென்று நிற்கும். பார்ப்பவர்கள் காளான் என்றே நினைப்பார்கள். குனிந்து பார்த்தால் அந்த உருண்டைத் தலை முழுக்கப் பொடிப்பொடியாகப் பூக்கள்! அதன் பெண்பூ, பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று.

படத்துக்கு மேகமூட்டமான நாள் நல்லது. ஃபிளாஷ் போட்டால் நிறம் வெளிறிவிடும். கேமராவைத் தரையோடு தரையாக வையுங்கள் (அட்டை கடிக்கும், அது வேறு கதை). தோண்டிப் பார்க்க மட்டும் வேண்டாம்; வேரோடு இருக்கும் பிடி விட்டால் செடி போய்விடும். அப்புறம், காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம்.