டிக்லிபூருக்குச் சின்ன விமானத்தில் போகலாமா?

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பம். மருமகனுக்கு அந்தமான் டிக்லிபூரில் வேலை. டிசம்பர் இரண்டாம் வாரம் பேரனுக்கு அங்கேயே காதுகுத்து. என் கணவருக்கு 68 வயது, சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. கடலில் இறங்கும் சின்ன விமானம் இருக்கிறது, அலைச்சலே இல்லை என்கிறார்கள். உண்மையா? இல்லையென்றால் கப்பலா, பஸ்ஸா? திரும்பும் டிக்கெட்டையும் இப்போதே போட்டுவிடலாமா?

பதில்: அம்மா, கடைசிக் கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்கு முன் மற்றவற்றை முடித்துவிடுவோம்.

உங்களிடம் சொன்னவர்கள் 'ஜல் ஹன்ஸ்' நினைவில் சொல்லியிருப்பார்கள். 2010 கடைசியில் தொடங்கிய சேவை. எட்டுப் பேர் உட்காரும் செஸ்னா விமானம், தண்ணீரிலும் இறங்கும், ஓடுபாதையிலும் இறங்கும். அது சில ஆண்டுகளில் நின்றுபோனது. அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள்.

தீவுகளுக்கிடையே ஹெலிகாப்டர் உண்டு, டிக்லிபூருக்கும் போகிறது. ஆனால் அது தீவுவாசிகளின் அவசரத்துக்கானது. முதலிடம் நோயாளிகளுக்கு, அடுத்து உள்ளூர்க்காரர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும். மீதி இருந்தால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு. சீட்டு உண்டா இல்லையா என்பது பெரும்பாலும் முந்தைய நாள் மாலைதான் தெரியும். சாமான் ஐந்து கிலோ. காதுகுத்துச் சீருக்குப் போகிறவர்களுக்கு அதில் முறுக்கு டின்னே அடங்காது. மருமகன் அங்கே குடியிருப்பவர் என்பதால் விண்ணப்பித்துப் பார்க்கட்டும், கிடைத்தால் லாபம்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு நேர் விமானம், இரண்டேகால் மணி நேரம். (2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.) பாண்டியிலிருந்து 2024 டிசம்பரில் தொடங்கிய ஏடிஆர் (சிறிய ரக) விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும்தான். அங்கே போய் மாறுவதைவிட மீனம்பாக்கத்துக்கு பஸ் ஏறுவது சுலபம். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, ஏறக்குறைய மூன்று நாள். முழங்கால் வலிக்காரருக்கு அது வேண்டாம்.

போர்ட் பிளேரிலிருந்து டிக்லிபூர் 300 கிலோமீட்டருக்கு மேல். வாரத்தில் சில நாள் இரவுக் கப்பல் ஏரியல் பே ஜெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து ஊர் பக்கம்தான். படுத்துக்கொண்டே போகலாம் என்பது நல்லதுதான். ஆனால் ஏணிப்படியில் ஏறி இறங்க வேண்டும், டிசம்பர்க் கடலும் சும்மா இருக்காது. ஜனவரிக்கு மேல் என்றால் கப்பலையே சொல்லியிருப்பேன். இப்போது சாலைதான் சரி.

பஸ்ஸில் ஒரே மூச்சாகப் போனால் பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம். சர்க்கரைக்காரருக்கு அது ஆகாது. கார் வைத்து, பாதி தூரத்தில் ரங்கத்தில் ஓர் இரவு தங்குங்கள். அங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய, இட்லிக்குக் கவலையில்லை. ஜிர்காடாங்கிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை ஜாரவா பழங்குடியினரின் காட்டுப்பகுதி. குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் வண்டிகளைக் கூட்டமாக, காவலோடு விடுவார்கள். நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த கான்வாய்வரை காத்திருக்க வேண்டும். வழியில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. மீறினால் வழக்கு வரும். கண்ணில் பட்டவர்களைக் காட்சிப்பொருளாகப் பார்க்கிற சுற்றுலாக்காரர்களால்தான் இத்தனை கெடுபிடி, அது தேவையும்கூட. டிக்லிபூர் போக நமக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம் (நிக்கோபாருக்குத்தான் வேண்டும்). ஆனால் அசல் ஆதார் கையில் இருக்கட்டும்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் காரோடு ஃபெரியில் ஏற்றி பாராடாங்கில் இறக்குவார்கள். இரண்டு பக்கமும் சுரபுன்னைக் காடு. நீங்கள் பிச்சாவரம் பார்த்தவர்கள்தானே, அந்த மாதிரித் தண்ணீர்தான். திறந்த கடலின் அலை உள்ளே வராது. அதற்கு மேல் இருந்த இன்னொரு ஃபெரிக்குப் பதில் இப்போது பாலமே வந்துவிட்டது.

இன்னொன்று. போர்ட் பிளேர் ஏறக்குறைய கடலூருக்கு நேர் கிழக்கே இருக்கிறது. கடிகாரம் நம் கடிகாரம்தான், சூரியன் மட்டும் முக்கால் மணிக்கு மேல் முந்திக்கொள்ளும். டிசம்பரில் ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஊரில் ஆறு மணிக்குச் செய்வதை அங்கே ஐந்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதனால் காலையில் இறங்கும் விமானமாகப் பாருங்கள்.

இனி திரும்பும் டிக்கெட். நம் ஊரில் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால்தான் புயலை நினைப்போம். அந்தமானில் கதை முன்னாலேயே நடந்துவிடும். வங்கக் கடலின் தென்கிழக்கில் உருவாகும் காற்றழுத்தம் பல நேரம் முதலில் தொடுவது தீவுகளைத்தான், நமக்கு வர நாட்கள் ஆகும். 2016 டிசம்பர் முதல் வாரம் ஹேவ்லாக், நீல் தீவுகளில் சுமார் 1,400 சுற்றுலாப் பயணிகள் படகு ஓடாமல் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. அதே வானிலைதான் வர்தா புயலாகி 12ஆம் தேதி சென்னையைப் புரட்டிப்போட்டது. 'தானே' புயலைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு டிசம்பரைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே: காதுகுத்துக்கு மூன்று நாள் முன்பாவது டிக்லிபூரில் இருங்கள். திரும்பும்போது விமானத்துக்கு முந்தைய இரண்டு இரவுகள் போர்ட் பிளேரில் இருப்பதுபோல் வையுங்கள். மரம் விழுந்து சாலை மறித்தாலும் ஒரு நாள் கையில் இருக்கும். டிக்கெட்டை இப்போதே போடலாம், தேதி மாற்றக்கூடியதாகப் பார்த்து. கொஞ்சம் கூடுதல் பணம் போனால் போகட்டும். சென்னையிலிருந்து கடலூருக்கு ரயில் முன்பதிவு மட்டும் வேண்டாம், பஸ் எப்போதும் கிடைக்கும். கிளம்பும் வாரம் வானிலைத் துறையின் அந்தமான் அறிக்கையைப் பாருங்கள், தமிழ்நாட்டு அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

மாத்திரை, இன்சுலின் எல்லாம் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். மலைப்பாதையில் வாந்தி வரும் உடம்பாக இருந்தால் மாத்திரைக்கு மருத்துவரை இப்போதே கேளுங்கள். சீர்ப் பாத்திரத்தையும் பண்ருட்டி முந்திரியையும் நவம்பரிலேயே தபாலில் அனுப்பிவிடுங்கள்.