கூரைக்கான பணம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

150 படுக்கைகள் உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையில் நிதிப் பொறுப்பில் இருக்கிறேன். காப்பீட்டுப் பணம் வந்துசேர மூன்று நான்கு மாதம் ஆகிறது. சம்பளமோ 1ஆம் தேதி போட்டாக வேண்டும். அறுவை அரங்கைப் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தை எடுத்து இரண்டு மாதச் சம்பளத்தைச் சமாளித்தேன். இப்போது அறங்காவலர்கள் ஐந்து வருடத் திட்டம் என்னவாயிற்று என்கிறார்கள். நான் செய்தது தவறா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சம்பளம் போட்டது தவறே இல்லை. வாடகை கொடுக்க முடியாத நர்ஸை வைத்துக்கொண்டு புது அரங்கு கட்டி என்ன பயன்? ஆனால் அந்தப் பணத்தை என்ன பெயரில் எடுத்தீர்கள், எப்போது திருப்பி வைப்பதாக எழுதினீர்கள்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. எனக்குக் கவலை அதுதான்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு, கட்டடத்துக்கும் கருவிகளுக்கும் இன்னொரு கணக்கு. 2014-15 முதல் 2018-19 வரை இந்த இரண்டாவது கணக்கிலிருந்து 430 கோடி பவுண்டு எடுத்து அந்தந்த வருடத்துப் பற்றாக்குறையை அடைத்தார்கள். எடுத்த ஒவ்வொரு முறையும் நியாயமான காரணம் இருந்திருக்கும், உங்களுக்கு இருந்ததைப் போல. 2024இல் அறுவை மருத்துவர் ஆரா டார்சி அரசுக்கு அளித்த அறிக்கையில் இதற்கெல்லாம் கூட்டுத்தொகை வந்தது. செய்யாமல் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலை மட்டும் 1,160 கோடி பவுண்டு. கிங்ஸ் லின் என்ற ஊரில், முப்பது வருடம் தாங்கினால் போதும் என்று கட்டி 1980இல் திறந்த மருத்துவமனையின் கூரையை ஆயிரக்கணக்கான முட்டுக்கால்கள் தாங்கி நிற்கின்றன. அந்தக் கூரையின் கான்கிரீட்டே குறையுள்ள வகை, பழியை முழுக்கக் கணக்கர்கள் மேல் போட முடியாது. ஆனாலும் முட்டுக்கால்களுக்கு நடுவே படுத்திருக்கும் நோயாளியை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

நம் ஊரிலும் கட்டடமும் கருவியும் பழசாவதற்காக வருடா வருடம் தேய்மானம் என்று ஒரு தொகையைக் கணக்கில் எழுதுகிறோம். அந்தத் தொகை எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அரங்குப் பணத்துக்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். எடுத்ததை மருத்துவமனை தனக்குத் தானே கொடுத்த கடனாக எழுதி, திருப்பும் தேதி போட்டு, அறங்காவலர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். அடுத்த முறை எடுக்கும்போது அந்தச் சங்கடம் உங்களுக்கு உதவும்.

அப்புறம் அந்த ஐந்து வருடத் திட்டம். 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி வீட்டை அடமானம் வைத்து, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பண நெருக்கடி தெரியாதவர்கள் அல்ல. கண்புரை அறுவையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வந்த காலத்தில் இறக்குமதி விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. இலவசமாகச் சிகிச்சை பெற்றவர்கள் தடித்த கண்ணாடியோடு வீடு திரும்பினார்கள். நன்கொடையை எதிர்பார்த்து எத்தனை லென்ஸ் வாங்க முடியும்? 1992இல் ஆரோலேப் என்று தாங்களே லென்ஸ் தயாரிக்க ஆரம்பித்தார்கள். விலை இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்காக இறங்கியது. தினமும் கையைக் கடித்த செலவு எதுவோ அதில்தான் அவர்களுடைய பெரிய மாற்றமே தொடங்கியது.

உங்களுக்குக் கையைக் கடிப்பது கிளெய்ம், அதாவது காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கேட்டு அனுப்பும் விண்ணப்பம். அங்கேயே தொடங்குங்கள். போன ஆறு மாதத்தில் தாமதமான கிளெய்ம்களை எடுத்து மேசையில் பரப்பிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் டாக்டர் கையெழுத்து விட்டுப்போனது எத்தனை, முன் அனுமதி வாங்காமல் அறுவை செய்தது எத்தனை, காப்பீட்டு நிறுவனம் கேட்ட கேள்விக்குப் பதில் போடாமல் கிடந்தது எத்தனை? இவையெல்லாம் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே சரிசெய்யக்கூடியவை. இவற்றைப் பார்க்கவென்றே ஒருவரை நியமியுங்கள். அந்த ஒரு சம்பளத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம். இவற்றைச் சரிசெய்த பிறகும் தாமதமாவது எவ்வளவு என்று தெரிந்தால், அதற்கு மட்டும் வங்கியில் நடைமுறை மூலதனக் கடன், அதாவது அன்றாடச் செலவுக்கான கடன், கேளுங்கள்.

அரங்குப் பணத்தில் முதல் தவணையைத் திருப்பி வைத்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.