எங்கள் எம்.பி. எந்தப் பக்கம்?

கேள்வி: வேளாண் சட்டங்களை எங்கள் தொகுதி எம்.பி. ஆதரித்து வாக்களித்தாரா, எதிர்த்தாரா என்று அறிய ஒரு வாரமாக இணையத்தில் தேடுகிறேன். எங்கே கிடைக்கும்?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவகோட்டை

பதில்: தேடுவதை நிறுத்திவிடுங்கள் அம்மா, கிடைக்காது. அப்படி ஒரு பட்டியலை யாரும் எழுதவே இல்லை.

2020 செப்டம்பரில் அந்த மூன்று மசோதாக்களும் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள், எந்தச் சத்தம் பெரிது என்று நாற்காலியில் இருப்பவரின் காது தீர்மானிக்கும். சத்தத்துக்குப் பெயர் ஏது? செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் 'டிவிஷன்', அதாவது யார் எப்படி வாக்களித்தார் என்று பெயரோடு பதிவாகும் வாக்கெடுப்பு, கேட்டன. கேட்டவர்கள் தங்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லி மறுத்துவிட்டார்கள். மறுநாள் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எட்டுப் பேர் இடைநீக்கம். விவசாயிகள் ஓராண்டு டெல்லி எல்லையில் உட்கார்ந்த பிறகு, 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களை நீக்கும் மசோதா வந்தது. அதற்கும் குரல் வாக்கெடுப்புதான், விவாதம்கூடக் கிடையாது. ஆக, வந்தபோதும் யார் பெயரும் பதிவாகவில்லை, போனபோதும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் மக்களவைப் பார்வையாளர் மாடத்தில் ஒரு பிற்பகல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் தும்மிவிட்டுக் கைக்குட்டையை மடித்து வைப்பதற்குள் கீழே ஒரு மசோதாவின் பத்துப் பன்னிரண்டு ஷரத்துகள் ஏற்கப்பட்டுவிட்டன. இதற்காகவா ரயிலில் இரண்டு இரவு வந்தோம் என்று இருந்தது.

குரல் வாக்கெடுப்பு என்றாலே சூழ்ச்சி என்று நினைக்க வேண்டாம். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதாவும் 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறியது.

பெயர் வேண்டுமென்றால் டிவிஷன் நடந்திருக்க வேண்டும். சபாநாயகரின் முடிவை ஓர் உறுப்பினர் ஏற்காவிட்டால் அதைக் கேட்கலாம். மூன்றரை நிமிடம் மணி ஒலிக்கும், வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் ஓடி வருவார்கள், பிறகு பொத்தானை அழுத்த வேண்டியதுதான். இதிலும் ஒரு சந்து உண்டு: தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் கருதினால், எழுந்து நிற்கச் சொல்லித் தலையை மட்டும் எண்ணிக்கொள்ளலாம். அப்போதும் பெயர் பதிவாகாது. அரசியல் சாசனத் திருத்தத்தில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று இரட்டைக் கணக்கு காட்டியாக வேண்டும். 2023 செப்டம்பர் 20 அன்று மகளிர் இடஒதுக்கீட்டுக்கு மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு என்று நமக்குத் தெரிவது அதனால்தான்.

அப்படி டிவிஷன் நடந்த நாளின் அவை விவாதப் பதிவை நாடாளுமன்ற இணையதளத்தில் திறந்து, அந்த மசோதாவின் கடைசிக்குப் போங்கள். 'ஆம்', 'இல்லை' என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். அடிக்குறிப்பை விட்டுவிடாதீர்கள். இயந்திரத்தில் தவறாக அழுத்தியவர்களும் அழுத்தாமல் விட்டவர்களும் சீட்டில் எழுதிக் கொடுத்த வாக்குகள் அங்கேதான் இருக்கின்றன. 2024 டிசம்பர் 17 அன்று, 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகம் செய்ய நடந்த வாக்கெடுப்பில் பலகை முதலில் 220-149 என்று காட்டியது. சீட்டுகளை எண்ணிய பிறகு 269-198.

நான் இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டுதான். நான்கு பத்தி: ஆம், இல்லை, நடுநிலை, காணோம். நான்காவதைத்தான் அதிகம் புரட்டுவேன். 2019 ஜனவரி 8 அன்று, பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்கான 10 சதவீத இடஒதுக்கீடு மக்களவையில் 323-3 என்று நிறைவேறியது. 2014 தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐ வென்ற அதிமுக எதிர்த்துப் பேசிவிட்டு வெளிநடப்புச் செய்தது. பேச்சு பதிவில் இருக்கிறது. 'இல்லை' பட்டியலில் தேடினால் அவர்களில் ஒருவர் பெயரும் அகப்படாது. வெளிநடப்பைத் தொலைக்காட்சி காட்டும், பட்டியல் காட்டாது. இந்த வசதியை அனுபவிக்காத கட்சி எது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் எம்.பி.யின் வருகைப்பதிவு 90 சதவீதம் என்கிறார்கள். அது போதாதா?
- கல்லூரி மாணவர், பழநி

பதில்: வருகைப்பதிவு என்பது வெகுகாலம் வெறும் கையெழுத்தாகத்தான் இருந்தது, தம்பி. காலையில் போட்டுவிட்டுக் கிளம்பியவரும் வந்தவராகவே கணக்கானார். அமைச்சர்கள் வருகையைப் பதிய வேண்டியதே இல்லை, அதனால் அவர்களுக்குச் சதவீதமும் கிடையாது.

கேள்வி: கொறடா (எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி சார்பில் உத்தரவிடுபவர்) சொன்னபடிதான் எல்லாரும் அழுத்துகிறார்கள். பிறகு தனித்தனியாகக் குறித்து வைப்பானேன்?
- மளிகைக் கடைக்காரர், திண்டிவனம்

பதில்: நியாயமான கேள்வி. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, முன் அனுமதி இல்லாமல் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பலாம். ஆகவே உங்கள் எம்.பி.யின் மனச்சாட்சியை அந்தப் பட்டியலில் தேடினால் ஏமாந்துபோவீர்கள். ஆனால் ஊருக்கு வந்து மேடையில் என்ன சொன்னார் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்த மசோதாவை மாநிலங்களவையில் அதிமுகவினர் ஆதரித்தது இன்றுவரை தேர்தல் மேடைகளில் பேசப்படுகிறதென்றால், அங்கே டிவிஷன் நடந்தது என்பதுதான் காரணம். குரலோடு போயிருந்தால் 'நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே' என்றிருக்கலாம்.

கேள்வி: நேரடியாக எம்.பி.க்கே கடிதம் எழுதிக் கேட்டால் சொல்ல மாட்டாரா?
- இல்லத்தரசி, கும்பகோணம்

பதில்: நானும் ஒருவருக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து அவர் படம் போட்ட காலண்டர் வந்தது. நல்ல கெட்டித் தாள். மேலே சொன்ன நோட்டுக்கு அட்டை போட்டிருக்கிறேன்.