திரை சட்டென்று இருண்டு லாகின் பக்கம் வருகிறதே?

கேள்வி: லினக்ஸ் லேப்டாப்பில் வேலை நடுவே திரை இருண்டு லாகின் பக்கம் வந்துவிடுகிறது, திறந்திருந்தது எல்லாம் போச்சு. ஒரு வாரம் ஒன்றும் ஆகாது, அப்புறம் ஒரே நாளில் இரண்டு தடவை. திரையில் எல்லாவற்றையும் வரைந்து காட்டும் எக்ஸ் சர்வர்தான் காரணம் என்கிறான் நண்பன். எங்கே தேடுவது?

பதில்: நண்பர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எக்ஸ் சர்வர் விழுந்தால் அதை நம்பி நிற்கும் புரோகிராம்களும் கூடவே விழும். முதலில் அதன் பழைய பதிவுக் கோப்பைக் (லாக்) காப்பி எடுங்கள். எக்ஸ்ஆர்க் (அந்த எக்ஸ் சர்வரின் பெயர்) புதிதாகத் தொடங்கும்போது முந்தையதை 'ஓல்ட்' என்று ஒட்டி வைக்கும், அடுத்த தடவை அதுவும் அழிந்துவிடும். கோப்பின் கடைசியில் 'சிக்னல் 11' (நினைவகத்தைத் தவறாகத் தொட்டு விழுந்தது) என்றிருந்தால், மேலே உள்ள பேக்ட்ரேஸில், அதாவது விழுந்த நேரத்தில் ஓடிய கட்டளைகளின் வரிசையில், எந்த டிரைவர் பெயர் வருகிறது என்று பாருங்கள். அது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தைக் காட்டினால் எனக்கு ராம் மேல்தான் சந்தேகம் வரும், ராத்திரி முழுக்க ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓட விடுங்கள். கர்னல் பதிவில் அதே நேரத்தில் 'ஜிபியு ஹேங்' (கிராபிக்ஸ் சிப் உறைந்துவிட்டது) என்று இருந்தால் சர்வரைத் திட்டிப் பயனில்லை.

இதிலும் பிடிபடவில்லையா? டீபக் சிம்பல்களை (பேக்ட்ரேஸில் பெயர்கள் தெரிய உதவும் கோப்புகள்) நிறுவிவிட்டு, பிழை தேடும் கருவியான ஜிடிபியை எக்ஸ் சர்வரோடு மாட்டுங்கள், ஆனால் வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) வழியாக மட்டும், ஏனென்றால் அதே திரையின் டெர்மினலில் செய்தால் ஜிடிபி சர்வரை நிறுத்தும், நின்றுபோன சர்வரால் அந்த டெர்மினலை வரைய முடியாது, நீங்கள் தட்டும் எழுத்தும் போய்ச் சேராது. சிக்பைப் சிக்னலுக்கு (மறுமுனை இணைப்பை மூடிவிட்டால் வருவது) நிற்காதே என்றும் ஜிடிபியிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சும்மா சும்மா நிற்கும்.

இன்டெல் கிராபிக்ஸ் என்றால் இத்தனைக்கும் முன்னால் பழைய இன்டெல் டிரைவரை எடுத்துவிட்டு 'மோட்செட்டிங்' என்ற பொது டிரைவருக்கு மாறிப் பாருங்கள்.