மெட்டுக்கு மேலே ஒரு குரல்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நாட்டுப்புற கன்ட்ரி இசையும் ராக்கும் கலந்த கன்ட்ரி ராக்கின் கூட்டுக்குரல் (ஹார்மனி), கன்ட்ரியின் ஒரு கிளையான புளூகிராஸிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள். புளூகிராஸ் கொடுத்தது பாஞ்சோ, மேண்டலின் என்ற தந்திக் கருவிகளைத்தானே? கன்ட்ரி ராக் குழுவான ஈகிள்ஸின் ஹார்மனியைக் கேட்டால் எனக்கு பீட்டில்ஸும் பீச் பாய்ஸும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பீச் பாய்ஸைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அந்தக் குழுவின் பிரையன் வில்சன் ஃபோர் ஃப்ரெஷ்மென் குழுவின் ஜாஸ் ஹார்மனியைக் கேட்டு வளர்ந்தவர். அவர் அமைக்கும் குரல்கள் மெத்தென்று விரியும். புளூகிராஸில் அந்த மெத்தை கிடையாது. பெரும்பாலும் மூன்றே குரல்கள். நடுவில் மெட்டைப் பாடுகிறவர் லீட், அவருக்கு மேலே டெனர், கீழே பாரிடோன். எல்லாமே அசைவில்லாத நேர்க்குரல்கள். ஒரு சொல்லை எங்கே இழுப்பது, எங்கே விடுவது என்பதில் மூவருக்கும் ஒரே மூச்சு.

ஒற்றை மெட்டுக்குப் பழகிய நம் காது இங்கே ஏமாறும். உச்சத்தில் கேட்கும் குரலையே மெட்டு என்று பிடித்துக்கொள்வோம். மெட்டோ அதற்கு அடியில் போய்க்கொண்டிருக்கும். 1940களின் நடுவில் லெஸ்டர் ஃபிளாட் லீட் பாட, புளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ மேலே பாடிய பதிவுகளில் இது துல்லியமாகத் தெரியும். அந்த மேல்குரலில் ஒரு வலி இருக்கிறது. எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அது பழகவில்லை.

அலபாமாவின் லூவின் சகோதரர்கள் என்ற கன்ட்ரி இரட்டையரையும் சொல்ல வேண்டும். கறாராகப் பார்த்தால் அவர்கள் புளூகிராஸ் இல்லை, அதன் பங்காளிகள். மெட்டு மேலே ஏறினால் ஐராவும் சார்லியும் பாட்டின் நடுவிலேயே இடம் மாறிக்கொள்வார்கள். மாறிய இடம் தெரியவே தெரியாது.

சரி, இது ராக்குக்கு எப்படி வந்தது? ஆட்கள் வழியாகத்தான். கிறிஸ் ஹில்மேன், பெர்னி லெடன் இருவருமே சான் டியாகோவில் ஸ்காட்ஸ்வில் ஸ்குவிரல் பார்க்கர்ஸ் என்ற புளூகிராஸ் குழுவில் வாசித்தவர்கள். ஹில்மேன் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவுக்குப் போய் பேஸ் கிட்டாரைக் கையில் எடுத்தார். 1968இல் பேர்ட்ஸ் வெளியிட்ட 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் த ரோடியோ' தொகுப்பில் லூவின் சகோதரர்களின் பாட்டே ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டே ஹில்மேனும், அந்தத் தொகுப்பில் பங்கேற்ற கிராம் பார்சன்ஸும் ஃபிளையிங் பரிட்டோ பிரதர்ஸ் குழுவில் அண்ணன் தம்பி போல இணைந்து பாடினார்கள். லெடனும் அங்கே வந்து சேர்ந்தார். அங்கிருந்துதான் 1971இல் ஈகிள்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அவர் கையோடு கொண்டுபோனது பாஞ்சோவை மட்டும் என்று நான் நம்பவில்லை.

1975இல் பாடகி எம்மிலூ ஹாரிஸ் லூவின் சகோதரர்களின் இன்னொரு பாட்டை எடுத்துப் பாடி கன்ட்ரி தரவரிசைப் பட்டியலில் பெரிய வெற்றி பெற்றார். கூடப் பாடியவர் ஹெர்ப் பெடர்சன். அவரும் டில்லர்ட்ஸ் என்ற புளூகிராஸ் குழுவில் இருந்தவர்தான்.

அப்புறம் பீட்டில்ஸ். ஈகிள்ஸில் அவர்கள் சாயல் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் பீட்டில்ஸின் லெனனும் மக்கார்ட்னியும் இருகுரலில் பாடும் விதத்தை எவர்லி சகோதரர்கள் என்ற பாடகர் இரட்டையரைக் கேட்டுத்தான் பழகினார்கள். எவர்லி குடும்பம் கென்டக்கியைச் சேர்ந்தது. பில் மன்றோவின் ஊரும் அந்த மாநிலம்தான். நீங்கள் காட்டும் வழியில் போனாலும் பாதி தூரத்தில் அதே மண்ணுக்கு வந்துவிடுகிறோம்.

லூவின் சகோதரர்களை ஒரு வாரம் கேளுங்கள். மேல்குரலை விட்டுவிட்டு, அடியில் போகும் மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். பிறகு ஈகிள்ஸைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்.